பூட்டிய நூலகம் ஊருக்கு என்ன செய்தது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "கொரோனா காலத்தில் பொது நூலகங்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அப்படிப் பூட்டிக் கிடந்த நூலகம் ஊருக்கு எப்படி உதவியிருக்க முடியும்? இன்னொரு தொற்று வந்தால் நூலகத்திடம் என்ன எதிர்பார்க்கலாம்?"

பதிலைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். நிறையவே உதவ முடிந்தது. ஆனால் அதில் பெரும்பகுதிக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை. அந்தக் காலத்தில் நன்றாக வேலை செய்த நூலகங்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ஒரு இணைய இணைப்பு, உறுப்பினர்களின் தொலைபேசி எண்கள், முன்பின் தெரியாதவரிடம் பொறுமையாகப் பேசி அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் பழகிய ஊழியர்கள், ஊர் நடுவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கட்டடம் ஆகியவை ஏற்கெனவே கையில் இருந்தன. அவற்றை வேறு வேலைக்குத் திருப்பினார்கள். அவை இல்லாத இடங்களில் நல்ல மனது இருந்தும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அமெரிக்கா, கனடா நூலகங்களின் அனுபவம் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. அதனால் பெரும்பாலும் அங்கிருந்தே உதாரணம் தருகிறேன்.

முதலில், மூடியதே ஒரு சேவைதான். நியூயார்க் பொது நூலகம் 2020 மார்ச் 14 முதல் தன் கிளைகளை மூடியது. மார்ச் 17 அன்று அமெரிக்க நூலகச் சங்கம் நாட்டின் எல்லா நூலகங்களும் பொதுமக்களுக்கு மூடுவதைப் பரிசீலிக்க வேண்டும் என்று சொன்னது. அதற்கு முன்பே பல ஊர்களில் நூலக ஊழியர்கள் "மூடுங்கள்" என்று குரல் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். பள்ளிகள் மூடப்பட்டதும் பிள்ளைகள் நேரே நூலகத்துக்கு வந்தார்கள். வாசிப்பறையில் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்திருப்பவர்களில் வயதானவர்கள் அதிகம். ஒரே கணினியை ஒரு நாளில் எத்தனையோ பேர் தொடுவார்கள். எல்லோரையும் வரவேற்பதுதான் நூலகத்தின் குணம். நோய்க்கும் அதே குணம் வசதியாகிவிடும் என்பது உள்ளே வேலை பார்த்தவர்களுக்கு முதலில் புரிந்தது.

கதவைப் பூட்டியாயிற்று. அப்புறம் என்ன?

முதலில் வைஃபை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானதாகத் தோன்றுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் பள்ளிகளும் நூலகங்களும் 'இ-ரேட்' என்ற மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் இணைய இணைப்பைத் தள்ளுபடி விலையில் பெறுகின்றன. கட்டடம் மூடியதும் ஒரு சந்தேகம் எழுந்தது. உள்ளே ஆள் இல்லாதபோது இந்த இணைப்பை வெளியில் நிற்பவர்கள் பயன்படுத்தினால் விதியை மீறியதாகுமோ, தள்ளுபடி போய்விடுமோ என்று பல நூலகங்கள் பயந்தன. மார்ச் 23 அன்று அந்தத் திட்டத்தை மேற்பார்வையிடும் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் தெளிவுபடுத்தியது: மூடியிருந்தாலும் தாராளமாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடலாம். அதே நாளில் நூலகச் சங்கமும், கதவை மூடினாலும் வைஃபையை அணைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டது.

செய்ய வேண்டியிருந்த வேலை மிகச் சின்னது. இரவில் தானாக அணையும்படி வைத்திருந்த நேரக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். கடவுச்சொல் கேட்பதை நிறுத்தினார்கள். உள்ளே நடுக்கூடத்தில் இருந்த வைஃபை கருவியை ஜன்னல் ஓரத்துக்கு நகர்த்தினார்கள். சில இடங்களில் மழை தாங்கும் ஆன்டெனாவை வெளிச்சுவரில் பொருத்தினார்கள். அவ்வளவுதான், வண்டி நிறுத்துமிடம் முழுக்க இணையம் கிடைத்தது. பிள்ளைகள் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து வகுப்பு கவனித்தார்கள். வேலை போனவர்கள் அங்கிருந்தே விண்ணப்பம் போட்டார்கள். மருத்துவரிடம் வீடியோவில் பேசினவர்களும் உண்டு. பணக்கார நாடு, எல்லார் வீட்டிலும் இணையம் இருக்கும் என்று நாம் நினைப்போம். கிராமப்புறங்களில் கேபிளே போகாத பகுதிகள் அங்கே ஏராளம். நகரத்திலோ கேபிள் வாசல் வரை வந்திருக்கும், மாதக் கட்டணம் கட்டக் காசு இருக்காது.

இதில் ஒரு பெரிய குறையும் உண்டு. வண்டி நிறுத்துமிடத்து வைஃபை, கார் வைத்திருப்பவருக்கும் மடிக்கணினி வைத்திருப்பவருக்கும்தான் உதவும். நூலகத்துக் கணினியையே நம்பியிருந்தவரிடம் இரண்டும் இருக்காது. அதனால்தான் செல்பேசி அலைவரிசையிலிருந்து வைஃபை தரும் சிறிய ஹாட்ஸ்பாட் கருவிகளை வீட்டுக்கே இரவல் கொடுக்கும் திட்டம் முக்கியமானது. நியூயார்க் நூலகங்கள் இதை 2014, 2015 வாக்கிலேயே 10,000 கருவிகளோடு தொடங்கியிருந்தன. தொற்று வந்தபோது இப்படி முன்னரே பழகியிருந்த நூலகங்களுக்கு எந்த நிறுவனத்திடம் வாங்குவது, திரும்பி வராத கருவியின் இணைப்பை எப்படி நிறுத்துவது, முதல்முறை பயன்படுத்துபவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதெல்லாம் தெரிந்திருந்தது. புதிதாகத் தொடங்கியவர்கள் கருவி கிடைக்காமல் காத்திருந்தார்கள், ஏனென்றால் எல்லாப் பள்ளிகளும் அதே நேரத்தில் அதே கருவியைத் தேடின. இ-ரேட் பணத்தை நூலக வளாகத்துக்கு வெளியே செலவழிக்க முடியாது என்ற தடையும் இருந்தது. வீடுகளுக்குக் கருவியும் இணைப்பும் கொடுக்க 717 கோடி டாலரில் அரசு தனி நிதி ஒதுக்கியது 2021இல்தான். அதாவது பள்ளிக்கூடங்கள் மூடி ஒரு வருடம் கழிந்த பிறகு.

சில மாவட்டங்களில் நடமாடும் நூலக வண்டியில் வைஃபை பொருத்தி, இணைப்பு இல்லாத குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இதைப் பற்றிப் படித்தபோது எனக்கு மன்னார்குடிதான் நினைவுக்கு வந்தது. 1931 அக்டோபரில் அங்கே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் ஒரு நடமாடும் நூலகத்தைத் தொடங்கினார், இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் அதைத் தொடங்கிவைத்தார். வாசகர் வர முடியாவிட்டால் நூலகம் அவரிடம் போக வேண்டும் என்ற அதே எண்ணம்தான். ரங்கநாதன் அதே 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் ஒரு வளரும் உயிர் என்பது. நூலகவியல் படித்தவர்கள் எல்லோரும் தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்திருப்பார்கள். 2020இல் அது கண்ணெதிரே நடந்தது.

அடுத்தது தொலைபேசி. கேட்க எளிமையாக இருக்கும், ஆனால் தனியாக வாழும் முதியவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். பல ஊர்களில் நூலகத்தார் உறுப்பினர் பட்டியலை எடுத்து, வயதில் மூத்தவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசினார்கள். "நூலகத்திலிருந்து பேசுகிறேன், நன்றாக இருக்கிறீர்களா, சாப்பாடு, மருந்துக்கு ஏதாவது சிரமம் உண்டா?" என்று கேட்டார்கள். பேச்சில் தேவை தெரிந்தால் உணவு கொண்டுவந்து கொடுக்கும் அமைப்புக்கோ சுகாதாரத் துறைக்கோ சொல்லிவிடுவார்கள். மோசடி அழைப்புகள் பெருகியிருந்த நேரம் அது. அரசு அலுவலகத்திலிருந்து என்று யாராவது அழைத்தாலே போனை வைத்துவிடும் முதியவர்கள்கூட நூலகத்திலிருந்து என்றதும் பேசினார்கள். அந்த நம்பிக்கையை அவசர காலத்தில் உருவாக்க முடியாது. பல வருடம் புத்தகம் எடுத்துக் கொடுத்து, கண்ணாடியை மறந்து வந்தவருக்குப் படிவத்தைப் படித்துக் காட்டிச் சேர்த்தது அது.

படிவம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2020 மார்ச் மூன்றாம் வாரத்தில் மட்டும் அமெரிக்காவில் 30 லட்சத்துக்கும் அதிகமானோர் வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார்கள். அடுத்த வாரம் அது இரண்டு மடங்கானது. மாநிலங்களின் இணையதளங்கள் தாங்கவில்லை. ஃபுளோரிடாவில் தளம் முடங்கிப்போனதால், ஏப்ரல் 7 அன்று மயாமியை அடுத்த ஹயலியா நகரில் ஜான் எஃப். கென்னடி நூலகத்தின் வாசலில் காகித விண்ணப்பங்களை அச்சடித்துக் கொடுத்தார்கள். காரிலும் நடந்தும் மக்கள் திரண்டு வந்தார்கள். இடைவெளி விடாமல் நெருக்கியடித்து நின்ற அந்தக் கூட்டத்தின் படங்கள் நாடெங்கும் பரவின. அந்தக் காட்சியில் இரண்டு பாடம் இருக்கிறது. இணையம் கைவிட்டபோது மக்கள் போய் நின்ற இடம் நூலகம். ஆனால் கூட்டத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு இல்லாமல் உதவி செய்தால் அந்த உதவியே நோயைப் பரப்பும். விண்ணப்பத்தை இரண்டு நாள் முன்பே பல கிளைகளில் பிரித்துக் கொடுத்திருந்தால் அந்த நெருக்கடி வந்திருக்காது. நூலகத்தின் பலமே ஊர் முழுக்கப் பரவியிருக்கும் கிளைகள்தானே.

சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது வேறு மாதிரி. கலிஃபோர்னியா சட்டப்படி அரசு ஊழியர் ஒவ்வொருவரும் பேரிடர்ப் பணியாளரும்கூட. அவசர காலத்தில் வேறு வேலைக்கு அனுப்பலாம். அப்படி நூலகர்களில் பலரை நோய்த் தொடர்பு கண்டறியும் பணிக்கு அனுப்பினார்கள். நோய் உறுதியானவர் யார் யாரையெல்லாம் சந்தித்தார் என்று கேட்டு, அவர்களை அழைத்துத் தனிமையில் இருக்கச் சொல்லும் வேலை. இதற்கு நூலகரை ஏன் அழைக்க வேண்டும் என்று தோன்றலாம். நூலக மேசையில் உட்கார்ந்து பார்த்தவருக்கு விடை தெரியும். "சட்டப் புத்தகம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டு வருபவருக்கு உண்மையில் வேண்டியது, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி அனுப்பிய கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்பதாக இருக்கும். நேரடியாகக் கேட்டால் சொல்ல மாட்டார். குத்திக் கிளறாமல், தீர்ப்புச் சொல்லாமல், ஒவ்வொன்றாகக் கேட்டு அவர் வாயாலேயே வரவைக்க வேண்டும். கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது. யார் என்ன படித்தார் என்பதையே ரகசியமாகக் காப்பவர்கள் அவர்கள். நோயாளியிடம் "போன வாரம் யார் வீட்டுக்குப் போனீர்கள்?" என்று கேட்பதற்கும் இதே பழக்கம்தான் வேண்டும். பல மொழி பேசும் நகரம் அது, நூலக ஊழியர்களிலும் பல மொழிக்காரர்கள் இருந்தது கூடுதல் வசதி.

கட்டடங்களும் சும்மா இருக்கவில்லை. அதே சான் பிரான்சிஸ்கோவில் மருத்துவப் பணியாளர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள நூலகங்களையும் விளையாட்டுக் கூடங்களையும் பயன்படுத்தினார்கள். பிறகு இணைய வகுப்புக்கு வீட்டில் வசதியில்லாத பிள்ளைகள் வந்து படிக்கும் இடமாகவும் சில கிளைகள் மாறின. டொரோன்டோவில் 100 கிளைகள் கொண்ட பொது நூலகம், சில கிளைகளை உணவு வங்கிகளுக்குக் கொடுத்தது. வழக்கமான உணவு வங்கிகள் பல, சமூகக் கூடங்களிலும் தேவாலயங்களிலும் நடந்தவை. அந்தக் கட்டடங்கள் மூடிக்கொண்டன. தன்னார்வலர்களில் பெரும்பாலானோர் வயதானவர்கள் என்பதால் அவர்களும் வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. நூலகத்தில் பெரிய கூடம் இருந்தது, பெட்டிகளைத் தூக்கிப் பிரித்து அடுக்கப் பழகிய ஆட்கள் இருந்தார்கள், வாசலில் வண்டி வந்து நிற்க இடம் இருந்தது. தினம் ஆயிரக்கணக்கான புத்தகங்களைக் கிளைக்குக் கிளை அனுப்பிப் பழகியவர்களுக்கு உணவுப் பெட்டியைக் கையாள்வது புதிய வித்தை இல்லை. முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருந்த நூலகங்கள் மருத்துவமனைகளுக்கு முகத்தடுப்பு செய்து கொடுத்ததும் இந்த நேரத்தில்தான்.

ஆனால் கட்டடம் மூடியதால் உண்மையாகவே தவித்துப்போனவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் இந்தப் பதில் நேர்மையாக இருக்காது. வீடில்லாதவர்களுக்கு நூலகம் என்றால் குளிர்காலத்தில் வெப்பம், கோடையில் குளிர்ச்சி, குடிநீர், போனுக்கு மின்சாரம், எல்லாவற்றுக்கும் மேல் கழிப்பறை. உணவகங்கள், கடைகள், நூலகம் எல்லாம் ஒரே நாளில் மூடினால் அவர்கள் கை கழுவ எங்கே போவார்கள்? "அடிக்கடி கை கழுவுங்கள்" என்ற அறிவிப்பு அவர்களைப் பார்த்துச் சொன்னதாகவே இல்லை. சியாட்டல் பொது நூலகம் 2020 ஏப்ரலில் ஐந்து இடங்களில் கழிப்பறையை மட்டும் திறந்துவிட்டது. புத்தகம் இல்லை, கணினி இல்லை, கழிப்பறையும் அதைக் காவல் காத்துச் சுத்தம் செய்யும் ஆட்களும் மட்டும். தொற்றுக் காலத்து நூலக முடிவுகளில் நான் மிகவும் மதிப்பது இது. எது இல்லாமல் ஒரு மனிதரால் ஒரு நாளைக் கழிக்க முடியாது என்று யோசித்து எடுத்த முடிவு. இன்னும் நிறைய நகரங்கள் அதைச் செய்திருக்க வேண்டும், இன்னும் சீக்கிரம்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். வீட்டில் அடைந்திருந்த மக்கள் மின்னூல்களுக்குப் போனார்கள். நேரில் வராமலே இணையத்தில் உறுப்பினர் அட்டை வாங்கும் வசதியைப் பல நூலகங்கள் சில நாட்களில் தொடங்கின. நூலகங்களுக்கு மின்னூல் தளம் நடத்தும் ஓவர்டிரைவ் நிறுவனத்தின் கணக்குப்படி, 2020இல் அதன் வழியாக நடந்த இரவல் 43 கோடி. முந்தைய ஆண்டைவிட 33 சதவீதம் அதிகம். கேட்க மகிழ்ச்சியாக இருக்கும், ஆனால் நூலகத்தின் கணக்குப் பிள்ளைக்கு இது தலைவலி. அச்சுப் புத்தகத்தை நூலகம் ஒருமுறை வாங்கினால் தாள் கிழியும் வரை கொடுக்கலாம். மின்னூலை வாங்கவே முடியாது, உரிமம்தான் எடுக்கலாம். சாதாரண வாசகர் கொடுக்கும் விலையைவிடப் பல மடங்கு கொடுத்து இரண்டு வருடத்துக்கோ குறிப்பிட்ட தடவை இரவலுக்கோ எடுக்க வேண்டும். ஒரு உரிமத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு வாசகர்தான். மேக்மில்லன் பதிப்பகம் 2019 நவம்பரிலிருந்து, எவ்வளவு பெரிய நூலகமாக இருந்தாலும் புதிய நூலுக்கு முதல் எட்டு வாரம் ஒரே ஒரு மின்பிரதிதான் தருவேன் என்றிருந்தது. நூலகங்கள் புறக்கணித்தன. தொற்று வந்ததும், 2020 மார்ச் 17 அன்று, அந்தத் தடையை அது விலக்கிக்கொண்டது. பெங்குவின் ராண்டம் ஹவுஸ் பாதி விலையில் ஒரு வருட உரிமம் கொடுத்தது. பல பதிப்பகங்கள் தங்கள் படக்கதைகளை நூலகர்கள் இணையத்தில் வாசித்துக் காட்ட அனுமதி தந்தன.

இணையத்தில் இலவச மின்னூலகம் நடத்தும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு இன்னும் துணிந்து ஒன்று செய்தது. தான் ஸ்கேன் செய்து வைத்திருந்த சுமார் 14 லட்சம் புத்தகங்களை, ஒரு பிரதி ஒரு நேரத்தில் ஒருவருக்கே என்ற வரம்பு இல்லாமல் மார்ச் 24 அன்று திறந்துவிட்டது. நான்கு பெரிய பதிப்பகங்கள் ஜூன் 1 அன்று வழக்குப் போட்டன. ஜூன் 16 அன்று அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. 2023இல் தீர்ப்பு பதிப்பகங்கள் பக்கம் வந்தது, 2024இல் மேல்முறையீட்டிலும் அப்படியே. மாணவர்கள் மேல் அக்கறையோடு செய்ததுதான், ஆனால் எழுத்தாளரிடம் கேட்காமல் செய்தது. பல எழுத்தாளர்கள் அதே மாதங்களில் வருமானமின்றித் தவித்துக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில் தமிழ்நாட்டின் நாட்டுடைமை முறையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வாரிசுகளுக்கு அரசு ஒரு தொகை கொடுத்து, எழுத்தாளரின் படைப்புகளை எல்லோருக்கும் பொதுவாக்கிவிடுகிறது. பாரதியின் எழுத்துகளில் தொடங்கிய வழக்கம் அது. ஊரடங்கில் வீட்டிலிருந்தபடி, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்திலோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ அந்த நூல்களைத் திறந்தவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, வரிசையில் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஈழத்து நூல்களுக்கு நூலகம் திட்டம் 2005இலிருந்தே அதே மாதிரித் திறந்திருக்கிறது. இதில் நாம் பின்தங்கியவர்கள் இல்லை. இன்றைய எழுத்தாளர்களின் மின்னூல்களைப் பொது நூலகம் வழியாக இரவல் தரும் ஏற்பாடுதான் நம்மிடம் குறைவு.

கோடையில் அச்சுப் புத்தகங்களும் மெல்ல வெளியே வரத் தொடங்கின. இணையத்திலோ போனிலோ புத்தகம் கேட்டுவைத்து, குறித்த நேரத்துக்கு வந்து வாசலில் வாங்கிப்போகும் முறை. பெயர் எழுதிய காகிதப் பையில் போட்டு மேசையில் வைத்துவிடுவார்கள், அல்லது காரின் டிக்கியில் வைப்பார்கள். அப்போது எல்லோரையும் வாட்டிய கேள்வி, திரும்பி வரும் புத்தகத்தில் கிருமி இருக்குமா என்பது. இது பழைய பயம்தான். இங்கிலாந்தில் 1907ஆம் ஆண்டுச் சட்டமே, தொற்றுநோய் இருப்பது தெரிந்தவர் நூலகப் புத்தகத்தை எடுக்கக் கூடாது என்று தடை செய்திருந்தது. 2020இல் பயத்தோடு நிற்காமல் சோதித்துப் பார்த்தார்கள். ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பும், அமெரிக்க அரசின் அருங்காட்சியக, நூலகச் சேவை நிறுவனமும், பாட்டெல் ஆய்வகமும் சேர்ந்து 'ரெல்ம்' என்ற ஆய்வை நடத்தின. தனித்தனியாக வைத்த புத்தக அட்டை, பிளாஸ்டிக் உறை, டிவிடி பெட்டி போன்றவற்றில் மூன்று நாளுக்குப் பிறகு வைரஸைக் கண்டறிய முடியவில்லை. அதே பொருட்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தபோது ஆறு நாளுக்குப் பிறகும் இருந்தது. அதனால் புத்தகங்களை மேசைகளில் பரப்பி ஓய்வெடுக்க விட்டார்கள். கிருமிநாசினி தெளிக்கவோ புற ஊதா விளக்கில் காட்டவோ வேண்டாம், காகிதம் கெடும், நாட்கள் கடந்தாலே போதும் என்று நூல் பாதுகாப்பு நிபுணர்கள் சொன்னார்கள்.

பிறகு அறிவியல் இன்னும் தெளிந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில், கிருமி படிந்த பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று சொன்னது. ஆபத்து காற்றில் இருந்தது, அட்டையில் இல்லை. நூலகங்கள் புத்தகத் தனிமைப்படுத்தலைக் கைவிட்டன. அந்த மாதங்களின் உழைப்பு வீண் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரியாத நோய்க்கு முன் எச்சரிக்கையாக இருந்து, ஆதாரம் மாறியதும் நடைமுறையை மாற்றி, ஏன் மாற்றினோம் என்று வாசலில் எழுதி ஒட்டிய நூலகங்கள் வாசகர்களுக்கு அறிவியல் எப்படி வேலை செய்கிறது என்று காட்டின. அடுத்த முறை ஜன்னல்களையும் காற்றோட்டத்தையும் முதலில் கவனிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது.

தடுப்பூசி வந்தபோது முன்பதிவு இணையத்தில். மீண்டும் அதே முதியவர்கள், அதே சிரமம். நூலக ஊழியர்கள் போனிலேயே அவர்களுக்குப் பதிவு செய்து கொடுத்தார்கள், சில கட்டடங்கள் தடுப்பூசி முகாம்களாயின. 2021 டிசம்பரில் ஒமிக்ரான் பரவியபோது வாஷிங்டன் நகர நூலகங்கள் வீட்டிலேயே செய்துகொள்ளும் பரிசோதனைப் பெட்டிகளை இலவசமாகக் கொடுத்தன. இதிலும் ஒரு விலை இருந்தது. பெட்டி கொடுக்கும் இடத்துக்கு அறிகுறி உள்ளவர்கள்தான் வருவார்கள், மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கும் நோய் வரும். பல ஊர்களில் ஊழியர்கள் நோயுற்றார்கள், முகக்கவசம் போடச் சொன்னதற்கு வசை வாங்கினார்கள். இன்னொரு பக்கம் நகராட்சி வருமானம் குறைந்ததும் பகுதிநேர நூலக ஊழியர்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பிய ஊர்களும் உண்டு. ஊரைத் தாங்கச் சொல்லிவிட்டு, தாங்குகிறவரைக் கைவிடுவது எந்த ஊருக்கும் அழகில்லை.

நிரந்தரமாக நின்ற நல்ல மாற்றம் ஒன்று உண்டு, அபராதம். நூலகம் மூடியிருக்கும்போது புத்தகத்தை எப்படித் திருப்பித் தருவது? அதனால் கெடு நீட்டினார்கள், தாமதக் கட்டணத்தை நிறுத்திவைத்தார்கள். நிறுத்தியும் நூலகம் கவிழ்ந்துவிடவில்லை. நியூயார்க்கின் மூன்று பொது நூலக அமைப்புகளும் 2021 அக்டோபர் 5 முதல் தாமதக் கட்டணத்தை அடியோடு எடுத்துவிட்டன. அதுவரை 15 டாலருக்கு மேல் பாக்கி வைத்தவரின் அட்டை முடக்கப்படும், அப்படி முடங்கியிருந்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர். அவர்களில் பலர் ஏழ்மையான பகுதிகளின் பிள்ளைகளும் பெற்றோர்களும். நூலகம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களைத்தான் அந்தக் கட்டணம் வெளியே நிறுத்தியிருந்தது. சான் பிரான்சிஸ்கோவும் சிகாகோவும் 2019இலேயே இதைச் செய்திருந்தன. மற்ற ஊர்கள் பலவற்றை நகர்த்தியது தொற்றுதான்.

இந்தியாவில் இப்படி எதுவும் நடக்கவில்லையா என்று கேட்கலாம். கேரளத்தைப் பாருங்கள். 2020 ஜூன் 1 அன்று 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் விக்டர்ஸ் என்ற கல்வித் தொலைக்காட்சி வழியாகப் பள்ளி வகுப்புகள் தொடங்கின. வீட்டில் டிவி இல்லாத பிள்ளைகளுக்காக அங்கன்வாடி போன்ற இடங்களோடு கிராம நூலகங்களிலும் பொதுவாகப் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். ஊருக்கு ஊர் வாசகசாலை வைத்து, அதை ஊர்க்காரர்களே நடத்திப் பழகிய மாநிலம் அது. தேவை வந்த நாளில் கூடமும் நாற்காலியும் சாவி வைத்திருக்கும் ஆளும் தயாராக இருந்தார்கள்.

தமிழ்நாட்டில் சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் இருக்கிறது, 1948ஆம் ஆண்டினுடையது. சொத்து வரியோடு சேர்த்து அதில் 10 சதவீதம் நூலக வரி கட்டுகிறோம். அதனால் ஊர் நூலகத்திடம் கேட்பது சலுகை கேட்பதாகாது. அடுத்த தொற்றோ வெள்ளமோ வருவதற்குள் செய்து வைக்க வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை இல்லை. கிளை நூலகத்தின் வைஃபை வாசல் திண்ணை வரை எட்ட வேண்டும். இரவிலும் அங்கே ஒரு விளக்கு எரிய வேண்டும். உறுப்பினராகும்போதே, அவசர காலத்தில் உங்களை அழைக்கலாமா என்று கேட்டு, சம்மதித்தவரின் எண்ணைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும், அந்தப் பட்டியலை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. மாவட்ட நிர்வாகத்தின் பேரிடர்த் திட்டத்தில் நூலகக் கட்டடத்தின் பெயரும் அதன் பொறுப்பாளர் பெயரும் எழுத்தில் இருக்க வேண்டும். அப்படி எழுதும்போதே, அங்கே பணிக்குப் போகும் ஊழியருக்கு, தினக்கூலியாக இருந்தாலும், முகக்கவசம், தடுப்பூசியில் முன்னுரிமை, நோய் வந்தால் சம்பளத்தோடு விடுப்பு ஆகிய மூன்றையும் அதே உத்தரவில் சேர்த்துவிட வேண்டும்.